கல்யாணத்துக்கு வேண்டிய சாவுச் சான்றுகள்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். மாமியாரும் அத்தைதான், அப்பாவின் தங்கையும் அத்தைதான் என்றேன். "அப்படியென்றால் என் மகன் உனக்கு என்ன உறவு?" என்று கொஞ்சம் பயந்துபோய்க் கேட்டார். எங்கள் பக்கம் அத்தை மகனைக் கட்டிக்கொள்வது முறைதான் என்று விளக்கப் போக, பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வழியில் இத்தாலியக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பாட்டன் பூட்டன்களைத் தேடும் வேலை கடைசியில் மதுரைக்காரியான என் தலையில் வந்து விழுந்தது.

ஆரம்பித்து வைத்தவர் என் கொழுந்தனார். அவருக்கு இத்தாலியப் பாஸ்போர்ட் மேல் ஆசை. 1861-இல் இத்தாலி ஒரே நாடான பிறகு உயிரோடு இருந்த ஒரு இத்தாலியரின் வழிவந்தவர் என்று காட்டி, இடையில் யாரும் குடியுரிமையை விடவில்லை என்றும் நிரூபித்துவிட்டால், எத்தனை தலைமுறை தாண்டியிருந்தாலும் குடியுரிமை கேட்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. அத்தையின் தாத்தா 1909-இல் கப்பலேறி வந்தவர். அவருடைய பிறப்புச் சான்று வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

தாத்தாவைப் பற்றிக் குடும்பத்துக்கு மூன்று விஷயங்கள் தெரியும். அவர் நேப்பிள்ஸ்காரர். எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவர் பெயரை மாற்றிவிட்டார்கள். குடும்பத்தில் எங்கோ மேலே ஒரு பரோன், அதாவது ஜமீன்தார் மாதிரி ஒருவர், இருந்தார். மூன்றுமே தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நேப்பிள்ஸ் என்பது அவர் கப்பலேறிய துறைமுகம். தென் இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான் ஏறினார்கள். வடக்கே போகிற தமிழரெல்லாம் மெட்ராஸிகள் ஆன மாதிரி, இவர்களெல்லாம் நேப்பிள்ஸ்காரர்கள் ஆகிவிட்டார்கள். பெயர் மாற்றிய கதையும் அமெரிக்காவில் பாதி வீடுகளில் சொல்லப்படுவதுதான். கப்பல் பயணிகளின் பட்டியலை எழுதியது புறப்படும் துறைமுகத்தில், கப்பல் கம்பெனிக்காரர்கள். எல்லிஸ் தீவில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். தாத்தாவின் பெயர் பட்டியலில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து, கூப்பிடுகிறவர்கள் வாய்க்கு வசதியாக, அவரே அதைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்.

இத்தாலியில் முன்னோரைத் தேடுவதில் எல்லாமே ஊர்ப் பெயரில்தான் தொங்குகிறது. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் எழுதுவது கொமூனே எனப்படும் ஊர் நிர்வாகம். அங்கேயே பதிவு, அங்கேயே அலமாரி. தேசத்துக்கென்று ஒரு பெரிய பட்டியலில் பெயரைத் தட்டித் தேடிவிட முடியாது. 1917-இல் அமெரிக்கா போருக்கு ஆள் சேர்த்தபோது தாத்தா நிரப்பிய அட்டையில் பிறந்த இடம் 'பொதென்சா, இத்தாலி' என்று இருந்தது. அது மாகாணத்தின் பெயர். 1938-இல் அமெரிக்கக் குடியுரிமைக்கு அவர் கொடுத்த மனுவில் ஊரின் பெயர் இருந்தது. ஆனால் அப்படி ஒரு ஊர் உலகத்திலேயே கிடையாது. தென் இத்தாலியப் பேச்சில் சொல்லின் கடைசி உயிரெழுத்து பாதி விழுங்கப்பட்டுவிடும். தாத்தா சொன்னதை அமெரிக்க குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். நான் அந்தப் பெயரை வாய்விட்டு இருபது முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பொதென்சா மாகாணத்து ஊர்ப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

பொருந்தாது. தென் இத்தாலியின் பசிலிக்காத்தா பகுதி முழுவதும் 1927 வரை பொதென்சா என்ற ஒரே மாகாணம். அந்த வருஷம்தான் மத்தேரா மாகாணத்தைத் தனியாகப் பிரித்தார்கள். எங்கள் ஊர் இப்போது மத்தேரா பக்கம் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே ஒரு அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர் கிடைத்ததும் கதவு திறந்துகொண்டது. இத்தாலிய அரசின் ஆவணக் காப்பகங்கள் 'அந்தெனாத்தி' என்று ஒரு இணையதளம் வைத்திருக்கின்றன. முன்னோர்கள் என்று அர்த்தம். பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பணக்கார வடக்கைவிட ஏழைத் தெற்கில்தான் இந்தப் பதிவுகள் முழுமையாக இருக்கின்றன. காரணம் நெப்போலியன். அவர் ஆட்கள் நேப்பிள்ஸ் ராஜ்யத்தைப் பிடித்து 1809 முதல் பிறப்பு இறப்பை அரசாங்கமே எழுத வேண்டும் என்று வைத்தார்கள். நெப்போலியன் விழுந்து பழைய போர்பன் வம்சத்து ராஜா திரும்பி வந்ததும் பிரெஞ்சுக்காரன் வைத்ததையெல்லாம் தூக்கி எறிந்திருக்கலாம். இதை மட்டும் எறியவில்லை. சிசிலிக்கும் 1820-இல் கொண்டுவந்தார். வடக்கில் பல இடங்களில் வேலை மறுபடியும் பாதிரியார் கைக்குப் போய்விட்டது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவுமுறை வந்தது 1866-இல். வெனிஸ் பக்கம் இன்னும் தாமதம், 1871. பதிவேட்டில் இரண்டு பிரதிகள்: ஒன்று ஊரில் இருக்கும், இன்னொன்று நீதிமன்றத்துக்குப் போய் அங்கிருந்து மாகாணக் காப்பகத்துக்கு வரும். ஊரில் கரையான் தின்றாலும் இன்னொன்று பிழைத்துக்கிடக்கும்.

முதல் பக்கத்தைத் திறந்தபோது எனக்கு இத்தாலியன் 'பீட்சா' அளவுக்குத்தான் தெரியும். பெரிய கஷ்டமில்லை. அச்சடித்த படிவம், இடையிடையே கையெழுத்து. பத்துப் பக்கம் பார்த்தால் வாக்கியம் மனப்பாடமாகிவிடும். இந்த வருஷம், இந்த நாள், இத்தனை மணிக்கு, மேயராகிய எம் முன்னே இன்னார் தோன்றி, ஒரு பிள்ளையைக் காட்டினார். ஆமாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். "ஆண் குழந்தை என்று எம் கண்ணால் கண்டறிந்தோம்" என்று மேயர் எழுதுவார். அதே பக்கத்தின் வலது பாதியில் எந்தக் கோயிலில் எந்த நாளில் ஞானஸ்நானம் என்று பாதிரியாரின் குறிப்பு. கீழே, அப்பாவுக்கும் சாட்சிகளுக்கும் எழுதத் தெரியாது என்பதால் மேயர் மட்டும் கையெழுத்திட்டார் என்று ஒரு வரி. அப்பாவின் தொழிலுக்கு நேரே 'பிராச்சாலே'. பிராச்சா என்றால் கைகள். இரண்டு கைகளைத் தவிர வேறு சொத்தில்லாத கூலி. ஐந்து தலைமுறை பார்த்துவிட்டேன், அந்தச் சொல் மாறவே இல்லை. பரோன் யாரும் வரவில்லை.

மாட்டிக்கொண்ட இடங்களும் உண்டு. '7பிரே' என்று எழுதியிருந்ததை ஏழாம் மாதம், ஜூலை என்று மூன்று வாரம் நம்பினேன். செத்தெம்பிரே என்ற சொல்லில் ஏழு என்பதற்கான 'செத்தெ' ஒளிந்திருக்கிறது. ஆகவே அது செப்டம்பர். 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். சில வருஷங்களின் அட்டவணை குடும்பப் பெயரால் அல்லாமல் சொந்தப் பெயரால் அடுக்கப்பட்டிருக்கும். நம் ஊர்க்காரிக்கு அது ஒன்றும் புதிதாகப் படவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு சின்னச் சொற்கள். 'தி', 'ஃபூ'. ஒருவர் பெயருக்குப் பின்னால் 'தி' போட்டு அப்பா பெயரை எழுதினால் அப்பா உயிரோடு இருக்கிறார். 'ஃபூ' போட்டால் போய்விட்டார். நம் கல்யாணப் பத்திரிகையில் 'காலஞ்சென்ற' என்று போடுகிறோமே, அதேதான். 1846-இல் ஒருவர் சாட்சிக் கையெழுத்து போடும்போது 'தி', 1848-இல் அவரே 'ஃபூ'. நடுவில் இரண்டு வருஷப் பதிவேட்டைப் புரட்டினால் அப்பாவின் சாவு கிடைத்துவிடும். பெண்களைத் தேடுவதும் இங்கே சுலபம். கல்யாணம் ஆனாலும், செத்தாலும், பிறந்த வீட்டுப் பெயர்தான் எழுதுவார்கள். என் இனிஷியல் இதுவரை இரண்டு முறை மாறிவிட்டது. என் பேத்தி என்னைத் தேடினால் படாதபாடு படுவாள்.

பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் அங்கே கல்லில் எழுதின மாதிரி. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா. மூத்த பெண்ணுக்கு அப்பாவின் அம்மா, இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவின் அம்மா. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று அத்தையிடம் சொன்னபோது, முதல் முறையாக என் ஊரைப் பற்றிப் பயப்படாமல் தலையாட்டினார். இந்த வழக்கத்தால் பிறப்புச் சான்று இல்லாமலே தாத்தா பாட்டி பெயரை ஊகிக்கலாம். எங்கள் மரத்தில் ஒரே ஒரு பெண் அதில் அடங்கவில்லை. 1860-இல் பிறந்த இரண்டாவது மகள். அவள் பெயர் இரு பக்கத்திலும் யாருக்கும் இல்லாத பெயர். ஏதோ புனிதரின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பிள்ளை இறந்துபோனால் அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை வைப்பார்கள். தாத்தா பெயர் வீணாகக் கூடாதல்லவா. பாஸ்போர்ட்டுக்கு ஊர் அலுவலகம் கொடுக்கும் சான்றுதான் செல்லும் என்பதால் எழுதிக் கேட்டோம். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏழு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். பிறந்த வருஷம் மட்டும் 1884. தாத்தா தன் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று கொழுந்தனார் சிரித்தார், கேக் வெட்டினோம். மறுவாரம் 1885-ஆம் வருஷ இறப்புப் பதிவில் அதே பெயரை, அதே பெற்றோரோடு பார்த்தேன். வயது 14 மாதம். நாங்கள் கேக் வெட்டியது செத்துப்போன அண்ணனுக்கு. எங்கள் தாத்தா 1888. நாங்கள் தெளிவாக 1888 என்று கேட்டிருந்தோம். மறுபடி எழுதினோம், மறுபடி ஐந்து மாதம்.

அத்தையை உலுக்கிய தாள் இன்னொன்று. தாத்தாவின் மூத்த அக்கா, 1882. பதிவில் தாயின் பெயரே இல்லை. 'கல்யாணமாகாத ஒரு பெண்ணிடம்' பிறந்த குழந்தை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை. உண்மையில் அவர்களுக்குக் கோயிலில் கல்யாணம் முடிந்திருந்தது. 1866-க்குப் பிறகு அரசாங்கம் கோயில் கல்யாணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. போப்போ அரசாங்கக் கல்யாணத்தை மதிக்கவில்லை. ரோமை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் இரண்டு தரப்பும் முகம் கொடுத்துப் பேசாத காலம். 1929-இல் முசோலினி காலத்து உடன்படிக்கை வரும்வரை இரண்டு கல்யாணம் செய்தால்தான் இரண்டு பக்கமும் செல்லும். கிராமத்து ஜனங்கள் பலர் கோயிலோடு நிறுத்திக்கொண்டார்கள். கடவுளுக்குப் புருஷன் பெண்டாட்டி, மேயருக்கு யாரோ இருவர். இவர்கள் அடுத்த வருஷம் மேயரிடமும் போய்ச் சரிசெய்துவிட்டார்கள். கோயில் பதிவைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் அத்தை.

அதனால் போகத் தீர்மானித்தோம். டிக்கெட் எடுத்த பிறகு, 2025 மார்ச் 28 அன்று, இத்தாலிய அரசு அவசரச் சட்டம் போட்டுவிட்டது. இனி பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியில் பிறந்த இத்தாலியராக இருந்தால்தான் உண்டு; மே மாதம் அது முழுச் சட்டமானபோது, அவர் இத்தாலியக் குடியுரிமை ஒன்றை மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். கொழுந்தனாருக்கு அவர் கொள்ளுத்தாத்தா. அத்தைக்குத் தாத்தாதான், ஆனால் 1938-இல் அமெரிக்கர் ஆகிவிட்டார். இரண்டு வருஷ வேலை பாஸ்போர்ட்டுக்கு உதவாத காகிதமானது. நாங்கள் மத்தேராவில் இறங்கியதும் அதே மே மாதம்தான். கொழுந்தனார் வரவில்லை. அத்தையும் நானும்தான் போனோம்.

கோயில் ஏடுகள் அரசுப் பதிவேடு மாதிரி இல்லை. திரிதெந்து சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பெரிய சபை, 1563-இல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதச் சொன்னது. 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூல் சாவையும், வீடுவீடாக ஆட்களின் கணக்கையும் சேர்த்தது. ஈஸ்டருக்கு நற்கருணை வாங்கினவர் யார், வாங்காதவர் யார் என்று பார்க்க எடுத்த கணக்கு அது. இன்று நமக்கு அதுவே 17-ஆம் நூற்றாண்டின் குடும்ப அட்டை. எல்லாம் லத்தீன். ஞானத்தாய் தந்தை பெயரை ஏன் விடாமல் எழுதினார்கள் என்றால், அந்தக் காலத்தில் அவர்களோடும் கல்யாண உறவு கூடாது. ரத்த உறவில் அப்போது நான்காம் படி வரை கூடாது. கட்டியே ஆக வேண்டுமென்றால் திருச்சபையிடம் விலக்கு வாங்க வேண்டும். மனுவோடு வம்ச மரம் வரைந்து வைக்க வேண்டும். நமக்கு முறை, அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு வாங்கும் அனுமதி. பாதிரியார் இதை விளக்கியபோது அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

பாதிரியார் நல்ல மனிதர். இரண்டு மணி நேரம் கொடுத்தார், பென்சில் மட்டும் அனுமதித்தார். 1881 ஜனவரியில் கோயில் கல்யாணம் இருந்தது. அத்தை அந்த வரி மேல் விரலை வைக்கப் போய், பாதிரியார் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மிச்சம் எல்லாவற்றையும் தந்தது 1854-ஆம் வருஷத்துக் கல்யாணக் கட்டு. ப்ரொசெஸ்ஸெத்தி என்பார்கள், கல்யாணத்துக்காக ஜோடி கொண்டுவந்து கொடுத்த சான்றுகளை நூலில் தைத்து வைத்தது. அத்தையின் தாத்தாவைப் பெற்றவரின் பெற்றோர் இவர்கள். போர்பன் ராஜ்யத்துச் சட்டப்படி பிள்ளையின் கல்யாணத்துக்கு அப்பா சம்மதிக்க வேண்டும். அப்பா இல்லையென்றால் அவர் செத்ததற்குச் சான்று. அப்போது சம்மதம் சொல்ல வேண்டியவர் அப்பாவைப் பெற்ற தாத்தா. அவரும் இல்லையென்றால் அவர் சாவுக்கும் சான்று. ஆகவே ஒரு கூலிக்காரப் பையன் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்காக 1847-இல் செத்த அப்பாவையும், 1811-இல் செத்த தாத்தாவையும் காகிதத்தில் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். 1811 சாவுப் பதிவில் அந்தத் தாத்தாவுக்கு வயது 58, அவருடைய அப்பா அம்மா பெயர்களும் இருக்கின்றன. நூல் தைத்த ஒரே கட்டில் 1730-களுக்குப் போய்விட்டோம். இத்தாலிய வேர் தேடுகிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் பிறப்பைத் தேடாதீர்கள், கல்யாணக் கட்டைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அது மாப்பிள்ளை பக்கம். பெண் பக்கம் ஒரே ஒரு தாள்.

அதை அத்தைக்கு விடுதி அறையில் வைத்துப் படித்துக் காட்டினேன். 1833. ஊரின் 'பியா ரிச்செவித்ரிச்சே' வந்து மேயரிடம் சொன்னது. தர்மத்துக்குக் குழந்தைகளை வாங்கிக்கொள்கிறவள் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் ஊர்களில் ருவோத்தா என்று ஒரு மரச் சக்கரம் சுவரில் பதித்திருக்கும். தெருப்பக்கம் குழந்தையை வைத்துச் சுற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா இல்லத்துச் சக்கரம்தான் பேர்போனது, 1875 வரை சுற்றியது. எஸ்பொசித்தோ என்ற குடும்பப் பெயர், வெளியே விடப்பட்டவர் என்று அர்த்தம், அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. நெப்போலியனின் மைத்துனர் முரா நேப்பிள்ஸை ஆண்ட காலத்தில் அந்தப் பெயரை இனி வைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அதனால் மேயர்கள் வாய்க்கு வந்ததை வைத்தார்கள். எங்கள் பெண்ணுக்கு அந்த மாதத்தின் பெயரையே குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்.

இரவு மூன்று மணிக்குச் சக்கரத்தில் ஒரு பெண் குழந்தை கிடந்தது என்று எழுதியிருக்கிறது. அது விடியற்காலை மூன்று இல்லை. பொழுது சாய்ந்ததிலிருந்து எண்ணுகிற மணி. ஊர் சாப்பிட்டுப் படுத்த நேரம். உடம்பில் அடையாளம் ஒன்றும் இல்லை. சுற்றியிருந்தது பழந்துணி. தலையில் வெள்ளைக் குல்லாய், ஒன்று. கிழிந்த சட்டைத் துண்டு, ஒன்று. இடது மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன். பெற்றவள் என்றாவது தேடி வந்தால் துணியைச் சொல்லித்தான் பிள்ளையைக் கேட்க முடியும். அதற்காகத்தான் மேயர் இத்தனையும் எழுதுவது.

"சிவப்பா?" என்றார் அத்தை.

ஆமாம் என்றேன். இன்னொரு முறை முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தேன். நான் படிக்கும்போது கவனிக்காமல் தாண்டிப்போன வரியில் என்னை நிறுத்தினார்.

"அந்த வாங்கிக்கொண்டவள் பெயர் என்ன?"

சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து நான் வரைந்து கொடுத்த மரத்தை எடுத்து மெத்தையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 1860-இல் பிறந்த அந்த இரண்டாவது மகளின் பெயரைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார். அம்மாவின் அம்மா பெயர் வர வேண்டிய இடம். இந்த முறை விரலை எடுக்கச் சொல்ல யாரும் இல்லை.